கில் சுவிட்ச்: பொறிமறி ஆளி

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய பெட்ரோல் கார்களில், சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்தாலும் பிளக்கில் தீப்பொறி வராமல் தடுக்க மறைவாக வைக்கும் சுவிட்ச்தான் கில் சுவிட்ச். பேட்டரி கட்-ஆஃப் வேறு. அது வண்டியின் மின்சாரம் முழுவதையும் துண்டித்துவிடும். விளக்குகூட எரியாது என்பதால் திருடன் உடனே அதைத் தேடத் தொடங்குவான். கில் சுவிட்ச் போட்ட வண்டியில் விளக்கு எரியும், செல்ஃப் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. கார் ரிப்பேர் என்று நினைத்து அவன் நகர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலத்தில் 'கில்' என்ற வினை ஓடும் எஞ்சினை அணைப்பதற்கும் வழங்குகிறது. 'சுவிட்ச்' முதலில் மெல்லிய சாட்டைக்குச்சி. பிறகு தண்டவாளத்தை மாற்றும் அமைப்புக்குப் பெயராகி, மின்சாரத்துக்கு வந்து சேர்ந்தது. தமிழில் இதைக் 'கொல்' என்று பெயர்ப்பது பொருந்தாது. சுவிட்சுக்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் 'ஆளி' சுருக்கமான நல்ல சொல். தமிழகக் கலைச்சொல்லான 'நிலைமாற்றி'யைவிடக் கூட்டுச்சொல்லில் எளிதாக ஒட்டும். 'பொறி' தீப்பொறியையும் எந்திரத்தையும் குறிக்கும். 'மறி' என்றால் தடு. இந்தக் கருவி தீப்பொறியை மறித்து எந்திரத்தை நிறுத்துவதால் 'பொறிமறி ஆளி' என்பதே எங்கள் பரிந்துரை.

இதை இரண்டு விதமாக இணைக்கலாம். ஒன்று, சாவியிலிருந்து காயிலுக்கு (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) வரும் வயரை நடுவில் வெட்டிச் சுவிட்ச் வைப்பது. இதை முறியடிப்பது எளிது: பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு வயர் போட்டால் எஞ்சின் ஓடிவிடும். மற்றொன்று, காயிலில் டிஸ்டிரிபியூட்டருக்குப் (பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) போகும் பக்கத்தை எர்த் செய்வது, அதாவது வண்டியின் பாடியோடு இணைப்பது. பழைய லூகாஸ் காயிலில் அந்த முனையில் 'சிபி' என்றிருக்கும். பாயிண்ட் (டிஸ்டிரிபியூட்டருக்குள் மின்னோட்டத்தை விட்டுவிட்டு அறுக்கும் தொடுமுனை) திறந்தாலும் மின்னோட்டம் சுவிட்ச் வழியே எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஓட்டம் அறுபடாததால் காயிலில் உயர் மின்னழுத்தம் எழாது. நேர் வயர் போட்டாலும் காயில் சூடாகுமே தவிர பொறி வராது. பேட்டரி இல்லாமல் தானே பொறி உண்டாக்கும் மேக்னெட்டோ எஞ்சின்களை நிறுத்தும் பழைய வழியும் இதுவே. பாயிண்ட் வைத்த கார்களுக்கு இரண்டாவது முறையே சிறந்தது. பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் மாற்றிய கார்களுக்கு முதல் முறை போதும்.

இரண்டாவது முறைக்குத் தேவையானவை 12 வோல்ட் டிசியில் 10 ஆம்பியர் தாங்கும் டாகிள் சுவிட்ச், 1.5 சதுர மி.மீ. வயர், எர்த்துக்கு ஒரு வளைய முனை. முதலில் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். புதிய வயரைச் சிபி முனையில் வெளிப்படையாக மாட்டினால் திருடன் அதைப் பிடுங்கிவிடுவான். டிஸ்டிரிபியூட்டர் வயரிலேயே, வயர்க்கட்டுக்குள் ஓரிடத்தில் சாலிடர் செய்து, பழைய வயரிங்கின் நிறத்திலேயே டேப் சுற்றுங்கள். லூகாஸ் முறையில் இந்த வயர் வெள்ளையில் கறுப்புக்கோடு; புதிதும் அதே நிறத்தில் இருக்கட்டும். பளிச்சென்ற சிவப்பு வயர் காட்டிக் கொடுத்துவிடும். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகரமான ஃபயர்வாலைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் கிரோமெட் (துளைக்குள் மாட்டும் வளையம்) கட்டாயம். அங்கே வயர் உராய்ந்து தகரத்தில் பட்டால் ஓடும் வண்டி நடுவழியில் அணையும். முதல் முறையில் உராய்ந்தால் இன்னும் ஆபத்து: அந்த வயருக்கு ஃபியூஸ் கிடையாது, தீப்பிடிக்கும்.

சோதிக்கப் பாயிண்டுகளுக்கு நடுவே காய்ந்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். சாவி போட்டு, சிபி முனைக்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வைத்தால் 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். கில் சுவிட்சைப் போட்டதும் பூச்சியமாக வேண்டும். அரை வோல்ட் நின்றால் எர்த் சரியில்லை. பெயிண்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். எஞ்சின் ஓடும்போது இந்த முனையைத் தொடாதீர்கள், பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் 200 வோல்ட்டுக்கு மேல் எழும்.

கில் சுவிட்சைப் போட்டபின் சாவியை 'ஆன்' நிலையில் விட்டுவிடக் கூடாது. 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் இடைவிடாமல் ஓடும்; கிட்டத்தட்ட 48 வாட் வெப்பத்தில் காயில் எண்ணெய் கசிந்து கெட்டுப்போகும். சுவிட்சை டாஷ்போர்டு அடியில் வைப்பதும் வீண், திருடன் கை முதலில் போவது அங்கேதான். பயன்படாத பழைய சுவிட்ச் ஒன்று வண்டியில் ஏற்கெனவே இருந்தால் அதுவே சிறந்த மறைவிடம். வண்டி ஓடும்போது முழங்கால் இடித்துச் சுவிட்ச் மாறிவிடாத இடமா என்று மட்டும் பாருங்கள்.

டீசல் அம்பாசடருக்கு இது உதவாது. அதில் தீப்பொறியே கிடையாது. டீசல் வரத்தைத்தான் அடைக்க வேண்டும்.