கையால் செய்த அம்பு முனைகள்: எய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் அணில், முயல் போன்ற சிறு விலங்குகளை உரிமம் பெற்று வில்லால் வேட்டையாடுவோர், அம்பு முனைகளைத் தாமே செய்துகொள்வது பழைய வழக்கம். இங்கே வில் பயிற்றுநராக இருக்கும் என்னிடம் வரும் தமிழ் இளைஞர்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையே குற்றம் என்பதால், ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் செய்துபார்க்க வேண்டாம்.)

சிறு விலங்குக்குக் கூர்முனை பொருந்தாது. அது உடலைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடுவதால், விலங்கு உடனே சாகாமல் காயத்தோடு ஓடிப் பொந்துக்குள் புகுந்துவிடும். தட்டையான மொட்டை முனையோ தன் வேகத்தை அதிர்ச்சியாக இறக்கி அங்கேயே வீழ்த்துகிறது. மரத்தில் தைத்து நிற்பதும் குறைவு.

பலரும் மொட்டை முனையாகப் பயன்படுத்துவது, சுட்டு முடித்த .38 ஸ்பெஷல் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடு. 11/32 அங்குல மரத்தண்டில் அது ஏறக்குறைய அளவெடுத்ததுபோல் பொருந்தும். ஆனால் கூட்டின் அடிப்பகுதிதான் அம்பின் முன்பக்கமாக அமைகிறது. அடி விழுந்ததும் தீப்பொறி எழுப்பி வெடிமருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டியும் (primer) அங்கேதான் இருக்கிறது. அதில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் தெரியாத கூட்டைத் தொடவே கூடாது. மறுபடி நிரப்புவதற்காகப் புது எரியூட்டி பொருத்திய கூடு பார்வைக்கு வெற்றுக் கூடாகவே தோன்றும், மோதினால் வெடிக்கவும் கூடும்.

அடுத்தது எடை. மர அம்புகளுக்குப் பரவலாகப் பயன்படும் முனை 125 கிரெயின், அதாவது சுமார் 8 கிராம்; வெற்றுக் கூடோ அதில் ஏறக்குறைய பாதிதான். முனை இலேசானால் தண்டு விறைப்பாக நடந்துகொள்ளும், வலக்கையால் நாண் இழுப்பவரின் அம்பு இடப்பக்கம் விலகும். அதைவிடப் பெரிய கேடு, அம்பு முழுவதுமே இலேசாகிவிட்டால் நாணின் விசையை வில்லே தாங்க வேண்டியிருப்பது. இழுவிசையின் (வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 5 கிரெயின் என்ற கணக்கில், 50 பவுண்டு வில்லுக்கு அம்பின் மொத்த எடை 250 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது. ஒட்டுவதற்கு முன் கூட்டுக்குள் ஈயக் குண்டுகள் இட்டு எடையைச் சரிசெய்துவிட்டு, தராசில் வைத்துப் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் திறமை எனக்கு இருபது வருடமாகியும் வரவில்லை.

கார்பன் தண்டில் சூட்டில் உருகும் பசை கொண்டு ஒட்டும்போது முனையைத்தான் சூடாக்க வேண்டும், தண்டை அல்ல. சூடு தண்டின் பிசினைக் கெடுத்துவிடும். விரிசல் விட்ட கார்பன் தண்டு நாண் விடும் கணத்தில் பிளந்து, வில் பிடித்த கையில் சிம்பு சிம்பாக ஏறும். எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்டை மெல்ல வளைத்து, நொறுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர், "நேற்றுவரை நேராகத்தான் போனது, அண்ணா" என்று ஓர் அம்பை நீட்டினார். மேசையில் உருட்டினேன், முனை தள்ளாடியது. கூட்டை இளஞ்சூட்டில் கழற்றியபோது, அதன் விளிம்புக்குள் மறைந்து தண்டில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. முந்தைய வாரம் அது ஒரு பாறையில் பட்டதாம். அதற்குப் பிறகு, கல்லில் மோதிய மர அம்பு எவ்வளவு முழுசாகத் தெரிந்தாலும், கூட்டைக் கழற்றிப் பார்க்காமல் நான் அதை நாணில் ஏற்றுவதில்லை.