தாத்தாவின் கப்பற்படை உடுப்பை இஸ்திரிக்குக் கொடுக்கும் முன்

பழந்துணிகளைப் பாதுகாப்பது என் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் தாத்தாவின் உடுப்பைக் கொண்டுவந்தார். தாத்தா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பற்படை மாலுமி. "ரொம்பக் கசங்கியிருந்தது, டிரை கிளீனிங் கொடுத்து இஸ்திரி போட்டுட்டேன்" என்றார் பெருமையாக. கால்சட்டையில் நேர்மடிப்பு கத்தி போல நின்றது.

அவர் கசங்கல் என்று நினைத்தது கசங்கலே இல்லை. அந்த அகலக் கால்சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, குறுக்கே அடுக்கடுக்காக மடித்து வைப்பது அந்த மாலுமிகளின் வழக்கம். ஆளின் உயரத்தைப் பொறுத்து ஐந்தோ ஏழோ மடிப்பு விழும். ஏழு கடலுக்கு ஏழு மடிப்பு என்பது அழகான கதை, அவ்வளவுதான். காலரின் மூன்று வெள்ளைக் கோடுகள் பிரிட்டிஷ் கப்பற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிக்கும் என்பதும் அப்படித்தான்.

நீலக் காலர் வெளுத்திருந்தால் சாயம் ஏற்றாதீர்கள். பழம்தின்று கொட்டை போட்டவன் மாதிரித் தெரியவேண்டும் என்று புது ஆட்களே அதை வேண்டுமென்று வெளுக்க வைத்தார்கள்!

அப்புறம் சின்னங்கள். இடது கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் லீடிங் சீமேன், அதாவது சாதாரண மாலுமிக்கு ஒரு படி மேல். குறுக்காக இரண்டு நங்கூரமும் மேலே கிரீடமும் இருந்தால் அதற்கும் அடுத்த பதவியான பெட்டி ஆபீசர். அதே கையில் 'வி' வடிவப் பட்டை மூன்று இருந்ததால் தாத்தாவைச் சார்ஜென்ட் என்றே நம்பியிருந்தது அந்தக் குடும்பம். தரைப்படைக் கணக்கு இங்கே செல்லாது. அவை நன்னடத்தைப் பட்டைகள்: 3, 8, 13 வருடச் சேவைக்கு ஒவ்வொன்று. 'பிடிபடாத குற்றங்களுக்கான பட்டை' என்று மாலுமிகளே கேலி செய்வார்களாம். தொழிலைச் சொல்வது வலது கை. புரொப்பெல்லர் என்றால் கொதிகலன் அறைக்காரர், சிறகும் மின்னலும் என்றால் தந்தி அனுப்புபவர். தங்க ஜரிகைச் சின்னம் விசேஷ உடுப்புக்கு, சிவப்பு நூல் அன்றாடத்துக்கு. ஜரிகை கறுத்திருந்தால் பாலிஷ் போடவே கூடாது, முலாம் போய்விடும்.

தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாமல் வெறும் 'ஹெச்.எம்.எஸ்.' (மன்னரின் கப்பல் என்பதன் சுருக்கம்) மட்டும் இருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள். எந்தக் கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் போர்க்காலத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள்.

எதையும் பிரிக்கும் முன், துவைக்கும் முன், இரண்டு கையையும் உள்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். மர அச்சால் பெயிண்டில் பதித்த பெயர் உள்ளே இருக்கலாம். அந்தக் கால்சட்டையில் இருந்தது. டிரை கிளீனிங்குக்குப் பிறகு மூன்று எழுத்துதான் மிச்சம்.