அனிவர்சரி: ஆண்டு நிறைவா, ஆண்டு நினைவா?

திருகோணமலையில் அனிவர்சரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கேக். கல்யாண நாளுக்கு அனிவர்சரி, கடை திறந்த நாளுக்கு அனிவர்சரி, டியூட்டரி தொடங்கிய நாளுக்கும் அனிவர்சரி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதே சொல்லை 1942 ஏப்ரல் 9க்கும் போடுகிறார்கள். அன்று காலைதான் ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. அதைத் தமிழில் 'குண்டுத் தாக்குதலின் 80ஆவது ஆண்டு நிறைவு' என்று எழுதினால் இலக்கணம் சரிதான். காதுக்குத்தான் ஒட்டவில்லை.

சொல் பிறந்த கதையை முதலில் பார்ப்போம். இலத்தீனில் 'அன்னுஸ்' என்பது ஆண்டு, 'வெர்த்தெரே' என்பது திரும்புதல். இரண்டும் சேர்ந்து 'ஆண்டுதோறும் திரும்பி வருவது' என்று பொருள் தந்தன. 13ஆம் நூற்றாண்டு அளவில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது இது கோயில் சொல். புனிதர் ஒருவர் உயிர் நீத்த நாள், இறந்தவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் நாள், இவற்றைத்தான் குறித்தது. திருமணமும் வியாபாரமும் பிறகு வந்து சேர்ந்தவை. அதாவது, இந்தச் சொல் செத்த வீட்டிலிருந்துதான் கல்யாண வீட்டுக்குப் போனது. நமக்கு அது கல்யாண வீட்டு உடுப்போடு வந்து சேர்ந்ததால், குண்டு விழுந்த நாளுக்குப் போட்டால் பொருந்தாமல் நிற்கிறது.

தமிழில் நிலைமை வேறு. 'ஆண்டு' என்பதன் பழைய வடிவம் 'யாண்டு'. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சி ஆண்டை இப்படித்தான் வெட்டியிருப்பார்கள். இன்று என்பது இற்றை ஆவது போல, அன்று என்பது அற்றை ஆவது போல, ஆண்டு என்பது ஆட்டை ஆகும். ஐந்து வயது எருதை 'ஐயாட்டை எருது' என்று இலக்கண உரைகள் எடுத்துக்காட்டும். எழுத்துத் தமிழில் ஆட்டை எப்போதோ போய்விட்டது. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இன்றும் எழுந்து வரும்: ஆட்டைத் திவசம். 'திவசம்' நாள் என்று பொருள்படும் வடசொல். ஆக ஆட்டைத் திவசம் என்பது 'ஆண்டு நாள்'. அனிவர்சரி ஆங்கிலத்துக்கு வந்தபோது என்ன பொருளோ ஏறக்குறைய அதே பொருள், நமது அடுப்படியிலேயே கிடக்கிறது.

ஆனால் திவசம் ஓர் ஆளுக்கு உரியது. பத்திரிகையில் வரும் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அறிவித்தல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே படம், ஒரு பக்கம் மலர்வு, மறு பக்கம் உதிர்வு, இரண்டுக்கும் நேரே திகதி. கீழே 'திதி: தேய்பிறை நவமி' என்பது போல ஒரு வரி. அதற்கும் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். யாருக்கு, எந்த நாளில், யார் செய்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் விடை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். (தேதி, திகதி இரண்டுக்குமே வேர் திதிதான் என்பார்கள். ஆனால் அறிவித்தலில் திகதியும் திதியும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத மாதிரி வெவ்வேறு வரியில் நிற்கும்.)

ஏப்ரல் 9ஐ இந்தக் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் அது ஏன் மங்குகிறது என்று புரியும்.

நடந்தது இதுதான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 8ஆம் திகதி அந்தக் கப்பற்படை மறுபடி கண்ணில் பட்டதும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியே போகச் சொன்னார்கள். மறுநாள் காலை நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வந்தன. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் அடிபட்டன. சீனக்குடாவிலிருந்து பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிச் சண்டை பிடித்தன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பற்றியது. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்க் குதமொன்றில் மோதி, அந்தத் தீ நாட்கணக்கில் எரிந்தது. விமானி வேண்டுமென்றேதான் மோதினான் என்று ஊரில் சொல்வார்கள். முதல் நாள் இரவு தெற்கே போன ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் தப்பவில்லை. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. மட்டக்களப்புக்கு அப்பால் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதில் மட்டும் 307 பேர் மாண்டார்கள். துணைக்குப் போன வம்பயர் என்ற ஆஸ்திரேலியக் கப்பலும் மூழ்கியது.

மாண்ட கடற்படையினரின் வீடுகள் எங்கோ இருந்தன. அவர்களுக்குத் திவசம் கொடுக்க இங்கே யாருமில்லை. கரையில் புதைக்கப்பட்டவர்களுக்கு நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்த மயானம் இருக்கிறது. ஊர்ப்பேச்சில் அது வெள்ளைக்காரன் சவக்காலை. புல் வெட்டி, கல் துடைத்து, ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். நிலாவெளிக் கடலுக்குப் போகும் வான்கள் வேகம் குறைக்காமல் அதைக் கடந்து போகும்.

அப்போ ஊர் இதை நினைவில் வைக்கவே இல்லையா? வைத்தது. ஆனால் நாளாக வைக்கவில்லை, வருஷமாக வைத்தது. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க முடியாத ஒரு தலைமுறையிடம் வயது கேட்டால், 'ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் நான் கைக்குழந்தை' என்பார்கள். 1964 புயலையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்: 'புயல் வருஷம் கல்யாணம், அடுத்த வருஷம் மூத்தவன்.' இந்த முறையில் திகதிக்கு வேலை இல்லை. வருஷம் ஓர் ஆளின் வயதோடு கட்டப்பட்டிருக்கும். அந்த ஆள் போனால் அந்த முடிச்சும் போய்விடும். 1942இல் விவரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்? ஆண்டுதோறும் திரும்பி வரும் நாளாக இது ஒருபோதும் ஊருக்குள் வேர் விடவில்லை என்பதுதான் என் எண்ணம். மறந்துவிட்டார்கள் என்று இளம் பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

நாள் வாய்த்த இடமும் அப்படி. நமது பாடசாலைப் பழக்கத்தில் ஏப்ரலைச் சித்திரை என்றே எழுதினாலும், பஞ்சாங்கப்படி ஏப்ரல் 9 பங்குனியின் கடைசி வாரம். 1942இல் விஷு வருஷம் முடிந்து சித்திரபானு பிறக்கச் சில நாளே இருந்தது. இன்றைக்கும் அந்தக் கிழமை உடுப்புக் கடையும் பட்டாசும் மருத்துநீரும் கைவிசேடமும்தான். துக்க நாள் ஒன்றைச் செருக அந்தக் கிழமையில் இடமில்லை.

அப்புறம், பக்கத்திலேயே வேறு நாட்கள் வந்துவிட்டன. டிசம்பர் 26, சுனாமி. 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அறிவித்தல் கட்டத்தின் மூன்று விடையும் உண்டு. யாருக்கு என்று தெரியும், எந்த நாள் என்று தெரியும், விளக்கேற்ற வீடு இருக்கிறது. ஈஸ்டர் என்ற சொல்லும் கை மாறிவிட்டது. 1942 கொழும்புத் தாக்குதலை ஆங்கில நூல்கள் ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல் என்றுதான் எழுதும். இன்று இலங்கையில் 'உயிர்த்த ஞாயிறு தாக்குதல்' என்றால் 2019 ஏப்ரல் 21 மட்டும்தான். பெயரில் ஞாயிறு இருந்தாலும் நினைவுகூருவது திகதியை வைத்து. திதி போலவே நிலவை வைத்துக் கணிக்கும் ஈஸ்டர், 2024இல் மார்ச் 31இலேயே முடிந்துவிட்டது. நினைவு நாள் ஏப்ரல் 21இல் வந்தது. திதி தோற்றுத் திகதி வென்றது என்று சொல்லலாம்.

1942இன் பொருட்கள் என்னவோ அடிக்கடி செய்தியில் அடிபடுகின்றன. சகாயிங்கை 2018இல் கடற்படை துறைமுகத்தின் அடியிலிருந்து மேலே கொண்டுவந்தது. எண்ணெய்க் குதங்கள் 99ஐயும் யாருக்கு எத்தனை என்று பங்கு பிரித்து 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த ஏப்ரலில்தான் தாக்குதலுக்கு 80 வருடம் நிறைந்தது.

சரி, என்ன சொல் போடுவது? திருமணத்துக்கு 'மணநாள்' போதும். சங்கத்துக்கும் கடைக்கும் 'ஆண்டு விழா' அல்லது 'ஆண்டு நிறைவு'. நிறைவு என்பது வளர்கிற ஒன்று நிரம்புவது. குழந்தைக்கு ஆண்டு நிறைவு செய்வது அதனால்தான். குண்டுத் தாக்குதல் வளர்வதுமில்லை, நிரம்புவதுமில்லை. அதற்கு 'ஆண்டு நினைவு நாள்' என்பதே சரி. 'நினைவேந்தல்' நல்ல சொல், ஆனால் அது நாளுக்குப் பெயரல்ல, அன்று கூடிச் செய்யும் செயலுக்குப் பெயர். கூட்டமே கூடாத ஏப்ரல் 9க்கு நினைவேந்தல் என்று தலைப்புப் போடுவது பொய்யாகிவிடும்.

எண்ணிலும் கவனம் வேண்டும். '80ஆவது ஆண்டில்' என்றால் 79 முடிந்து எண்பது நடக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். '80ஆம் ஆண்டு நினைவு நாள்' என்றால் அந்தக் குழப்பம் குறைவு.

இன்னொன்று, 'நினைவு கூறல்' என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். வாயால் கூறுவது என்று நினைத்து எழுதுவது போலும். அது 'நினைவுகூர்தல்'. கூர் என்றால் மிகுதல். அன்புகூர்ந்து, அருள்கூர்ந்து என்று கடிதத்தில் எழுதுகிறோமே, அதே கூர்தான்.