சொல் விளக்கம்: படைப்புழு

படைப்புழு: மக்காச்சோளத்தின் குருத்துக்குள் புகுந்து தின்னும் ஓர் அந்துப்பூச்சியின் புழுப்பருவம். அறிவியல் பெயர் ஸ்போடாப்டெரா ஃப்ருஜிபெர்டா, ஆங்கிலத்தில் ஃபால் ஆர்மிவார்ம். மக்காச்சோளப் படைப்புழு, அமெரிக்கன் படைப்புழு என்றும் சொல்வார்கள். இலங்கையில் சேனா படைப்புழு.

சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கண்டறியப்பட்டது. அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளக் காடுகளையும் சூறையாடிவிட்டது. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடிய பூச்சிக்கு மாநில எல்லையெல்லாம் ஒரு தடையா?

ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஃபால்’ விழுவதைக் குறிக்கவில்லை. அமெரிக்கர்கள் இலையுதிர் காலத்தை அப்படிச் சொல்வார்கள். இந்தப் பூச்சிக்குக் கடுங்குளிரில் உறங்கிக் கிடந்து பிழைக்கத் தெரியாது. அமெரிக்க நாட்டில் தெற்கு ஃபுளோரிடா, தெற்கு டெக்சாஸ் போன்ற கதகதப்பான இடங்களில்தான் குளிர்காலத்தைத் தாண்டும். அங்கிருந்து ஆண்டுதோறும் தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்து, வட மாநிலங்களுக்குப் போய்ச் சேரும்போது கோடை முடிந்து இலையுதிர் காலம் வந்துவிடும். ஆகவே ‘இலையுதிர்காலப் படைப்புழு’ என்று தமிழில் எழுதுவது நமக்குப் பொருந்தாது. நம் ஊரில் அதற்கு ஆண்டு முழுவதும் வெயிலும் தீனியும் உண்டு. சுமார் முப்பது நாளில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

1797-ல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் சூட்டிய ‘ஃப்ருஜிபெர்டா’ என்ற லத்தீன் பெயருக்கு விளைச்சலை அழிப்பது என்று பொருள். ‘ஸ்போடாப்டெரா’ கிரேக்கம்: சாம்பல் நிறச் சிறகு. அந்துப்பூச்சியைக் கையில் பிடித்துப் பார்த்தால் அது சரியென்று தெரியும்.

சரி, தமிழுக்கு வருவோம். படை + புழு, நடுவில் ப் மிகும். தமிழில் படை என்பது சேனை, ஆயுதம், அடுக்கு, தோல்நோய் என்று பல பொருள் தரும் சொல். உழவிலும் அதற்கு இடம் உண்டு. படைச்சால் என்றால் உழுத சால். படைப்புழுவில் இருப்பது சேனை என்ற பொருள்தான். தீனி தீர்ந்ததும் கூட்டமாகத் திரண்டு அடுத்த வயலுக்கு ஊர்ந்து போகும் புழுக்களுக்கு இப்படிப் பெயர் வந்தது. நெல்லில் கூட்டமாக இறங்கும் இன்னொரு புழுவையும் படைப்புழு என்றே சொல்வதுண்டு. இலங்கை வழக்கில் உள்ள ‘சேனா’ சிங்களத்திலிருந்து வந்தது. அதற்கும் சேனை என்றே பொருள். அங்கே ஒரே பெயரில் படை இரண்டு முறை வந்துவிட்டது.

ஆனால் இந்தப் பெயரை நம்பி, படை திரண்டு வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பயிர் போய்விடும். மக்காச்சோளத்தில் இந்தப் புழு பெரும்பாலும் படையாக வருவதில்லை. தாய்ப்பூச்சி நூறு, இருநூறு முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடல் ரோமத்தால் மூடி வைக்கும். பொரித்த குஞ்சுப்புழுக்கள் இலையின் பச்சையத்தைச் சுரண்டும். அந்த இடம் வெளுத்து மெல்லிய சவ்வாகத் தெரியும். அப்புறம் பிரிந்து குருத்துகளுக்குள் போகும். வளர்ந்த புழுக்கள் ஒன்றையொன்று தின்பதால் கடைசியில் ஒரு குருத்துக்கு ஒன்றிரண்டுதான் மிஞ்சும். குருத்தைப் பிரித்தால் மரத்தூள் போல ஈரமான எச்சம், அதற்கடியில் புழு. நெற்றியில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் புகையிலை வெட்டுப்புழுவோ காய்ப்புழுவோ என்று குழம்ப வேண்டியதில்லை.

மேலாண்மை ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவதும் இந்தக் குருத்துதான். புழு உள்ளே போய் எச்சத்தால் குருத்தின் வாயை அடைத்துக்கொண்டால் எந்த மருந்தும் சரியாக எட்டாது. இளம் பயிரிலேயே, காலையிலோ மாலையிலோ, தெளிப்பானின் முனையைக் குருத்தை நோக்கிப் பிடித்து அடிக்கச் சொல்வது அதனால்தான். சிறு விவசாயிகளுக்கு மணலும் சுண்ணாம்பும் 9:1 என்று கலந்து குருத்தில் இடும் முறையையும் பரிந்துரைக்கிறார்கள். கூட்டுப்புழு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும். ஆழ உழுதால் மேலே வந்து வெயிலுக்கும் கொக்கு, மைனாவுக்கும் இரையாகும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

எனக்கு இந்த ஆய்வுகளில் மிகவும் பிடித்தது இயற்கை எதிரிகளைப் பற்றிய பகுதி. டெலினோமஸ் என்ற மிகச்சிறு குளவி, ரோமத்தையும் தாண்டி முட்டைக் குவியலின் அடி அடுக்கு வரை போய்த் தன் முட்டையை வைத்துவிடும். நாம் நன்கறிந்த இன்னொரு முட்டை ஒட்டுண்ணிக் குளவியான டிரைக்கோகிரம்மா பெரும்பாலும் மேல் அடுக்கோடு நின்றுவிடும். ஈரமான பருவத்தில் மெட்டாரைசியம் ரைலி என்ற பூஞ்சாணம் பிடித்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து விறைத்துக் கிடக்கும் புழுக்களைக் காட்டிலேயே பார்க்கலாம். கண்ணில் பட்ட புழுவுக்கெல்லாம் வாராவாரம் கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் கூட்டாளிகள்தான். கென்யாவில் பூச்சியை விரட்ட மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடி, இழுக்க வயலைச் சுற்றித் தீவனப்புல் என்று நடும் ‘விரட்டி இழுக்கும்’ முறை தண்டுத் துளைப்பானுக்காக உருவானது. அது படைப்புழுவையும் பெருமளவு குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. நம் பக்கத்தில் வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போடச் சொல்வதும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடம் கொடுக்கத்தான்.

அப்படியானால் எந்தப் பெயரைச் சொல்வது? என் கணிப்பில் ‘மக்காச்சோளப் படைப்புழு’தான் சரி. சோளம், கரும்பு என்று வேறு பயிர்களையும் இது தின்னும் என்றாலும், நெல்லில் வருவதிலிருந்து பிரித்துக் காட்ட இந்த அடைமொழி வேண்டும். கடையில் இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியைப் பிடிப்பது) வாங்கும்போது இது நேரடியாகவே உதவும். ஏக்கருக்கு 5 பொறி வைத்தாலும், உள்ளே போடும் மாத்திரை வெட்டுப்புழுவுக்கானதாக இருந்தால் இந்த ஆண் அந்துப்பூச்சி வராது. உறையில் ‘ஃப்ருஜிபெர்டா’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘லிட்டுரா’ என்றிருந்தால் அது புகையிலை வெட்டுப்புழுவுக்கு.