படிவத்தின் கட்டங்களுக்குள் உட்கார்ந்திருக்கும் பொருளாதாரக் கோட்பாடு

தொழில்நுட்ப ஊக்குவிப்புத் திட்டங்களின் வரைவுகளைப் படித்துக் கருத்து எழுதுவது என் வேலை. வரைவு எழுதுபவர்கள் பெரும்பாலும் "கோட்பாடெல்லாம் எங்களுக்கு வேண்டாம், நடைமுறைக்கு எது ஒத்துவருமோ அதைச் செய்கிறோம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சரி என்று கேட்டுக்கொண்டு நேராக விண்ணப்பப் படிவத்துக்குப் போய்விடுவேன். ஆய்வுச் செலவு எவ்வளவு, காப்புரிமை எத்தனை, முனைவர் பட்டம் பெற்ற பணியாளர்கள் எத்தனை பேர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். கோட்பாடே வேண்டாம் என்றவர்களின் கோட்பாடு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது: ஆய்வுக்கூடத்தில் பணம் போட்டால் போதும், மறுமுனையில் தொழில்நுட்பம் தானாக வந்து விழும்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அடிப்படை ஆய்வுதான் எல்லாவற்றுக்கும் ஊற்று என்று 1945ல் போர்க்கால அறிவியல் ஆய்வை நடத்திய வன்னேவர் புஷ் அமெரிக்க அதிபருக்கு அறிக்கை கொடுத்தார். 1962ல் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ அதற்குப் பொருளாதாரக் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். ஒருவர் செலவழித்துக் கண்டுபிடித்த அறிவை மற்றவர்களும் எடுத்துக்கொள்வார்கள், ஆய்வு பலிக்குமா என்பதும் நிச்சயமில்லை, அதனால் சந்தையை மட்டும் நம்பினால் ஆய்வுக்குப் போதுமான பணம் வராது. அடுத்த ஆண்டே வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் நிபுணர்கள் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டியில் கூடி, ஆய்வுச் செலவை எப்படிக் கணக்கிடுவது என்பதற்குக் கையேடு போட்டார்கள். அதற்கப்புறம் அந்த எண்ணே இலக்காகிவிட்டது. 2002ல் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள், 2010க்குள் ஆய்வுச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

ஆரோ சொன்னதில் தப்பில்லை. அளக்க வசதியாக இருப்பது மட்டுமே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதுதான் தொல்லை. கப்பல் கன்டெய்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஏப்ரலில், அதற்குமுன் லாரி கம்பெனி நடத்திவந்த மால்கம் மெக்லீன் 58 அலுமினியப் பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உலக வணிகத்தையே புரட்டிப்போட்ட சமாச்சாரம். மேலே சொன்ன படிவத்தை அவர் கையில் கொடுத்திருந்தால் முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் எழுதுவதற்கு அதிகம் இருந்திருக்காது. கன்டெய்னருக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே அளவில் பெட்டி, அதைத் தூக்கும் கிரேன், ஆழமான துறைமுகம், வேலை பறிபோகுமோ என்று பயந்த துறைமுகத் தொழிலாளர்களோடு ஓர் ஒப்பந்தம். ஆய்வு மானியம் இதில் எதைத் தீர்த்திருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், அதே ஆரோ அதே 1962ல் இன்னொரு கட்டுரையும் எழுதினார். செய்யச் செய்யத்தான் திறமை வருகிறது, அதனால் உற்பத்தியே ஒருவகைக் கல்வி என்பது அதன் சாரம். விமானத் தொழிற்சாலைகளில் உற்பத்தி பெருகப் பெருக ஒரு விமானத்துக்கு ஆகும் செலவு ஒரே சீராகக் குறைவதை 1936லேயே தியோடர் ரைட் என்ற விமானப் பொறியாளர் காட்டியிருந்தார். இந்தக் கோட்பாட்டை நம்பினால் திட்டம் தலைகீழாக மாறிவிடும்: ஆய்வுக்கூடத்துக்கு மானியம் கொடுப்பதைவிட, சுமாரான பொருளாக இருந்தாலும் முதலில் வாங்க ஆள் வேண்டும். ஜெர்மனி 2000ல் கொண்டுவந்த சட்டம் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை என்று உறுதி கொடுத்தது. கரிம உமிழ்வுக்கு விலை வைத்துவிட்டுச் சந்தையிடம் விடாமல் இப்படிக் காசைக் கொட்டுவானேன் என்று பொருளாதார வல்லுநர்கள் பலர் திட்டினார்கள், ஜெர்மன் நுகர்வோரும் பல ஆண்டுகள் மின்கட்டணத்தோடு கூடுதலாகக் கட்டினார்கள். ஆனால் அந்தக் கிராக்கியை நம்பித்தான் சீனாவில் ஆலைகள் பெருகின, 2010க்கும் 2020க்கும் இடையில் பேனல் விலை சுமார் 90 சதவீதம் இறங்கியது. யார் காசில் யார் கற்றுக்கொண்டார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

அதனால் எந்த வரைவு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இந்தத் தொழில்நுட்பம் ஏன் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறீர்கள்? அறிவு போதாதா, வாங்க ஆளில்லையா, அல்லது ஏற்கெனவே இருப்பவர் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறாரா? மூன்றுக்கும் மருந்து வேறு. பதில் தெரியாமலே தொகை மட்டும் முடிவாகியிருக்கும், அதுதான் வழக்கம்.

இருப்பவர் வழிமறிக்கும் அந்த மூன்றாவது விஷயத்தில் பொருளாதார அறிஞர் ஷும்பீட்டரின் பெயர் அதிகம் அடிபடும். பெரிய நிறுவனத்தின் ஏகபோக லாபம்தான் புத்தாக்கத்துக்குத் தீனி, அதில் கை வைக்காதீர்கள் என்பதற்கு அவர் 1942ல் எழுதியதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். பாதி உண்மை. 1947ல் டிரான்சிஸ்டரைத் தந்த பெல் ஆய்வகம் அமெரிக்கத் தொலைபேசி ஏகபோகத்தின் பணத்தில் வளர்ந்ததுதான். மறுபாதியை யாரும் சொல்வதில்லை. 1956ல் ஏகபோகத் தடுப்பு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தின்படி பெல் தன் பழைய காப்புரிமைகளைக் கட்டணமில்லாமல் பிறருக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. அதன் பின்விளைவைப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அந்தக் காப்புரிமைகளை ஒட்டிப் புதிய கண்டுபிடிப்புகள் கூடியதையும், அவற்றில் பெரும்பங்கு சிறிய, இளம் நிறுவனங்களுடையது என்பதையும் கண்டார்கள். ஆனால் பெல்லின் பிடி தளராத தொலைத்தொடர்புக் கருவித் துறையில் மட்டும் அது நடக்கவில்லை.

இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுத் திட்டங்களில் வேறொரு வரலாறு தவறாமல் இடம்பிடிக்கிறது. கணினி எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று 1987ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ கிண்டலாகச் சொன்னதற்கு, 1990ல் பொருளாதார வரலாற்றாளர் பால் டேவிட் மின்மோட்டாரை வைத்துப் பதில் சொன்னார். மின்சாரம் 1880களிலேயே வந்துவிட்டது, ஆனாலும் ஆலைகளில் அதன் முழுப் பலன் தெரிய 1920கள் ஆயிற்று. ஆகவே பொறுங்கள், பலன் வரும் என்று வரைவு முடிந்துவிடும். டேவிட் சொன்னதில் முக்கியமான பகுதியோ அந்தத் தாமதத்துக்கான காரணம்தான். ஆரம்பத்தில் நீராவி இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். அதன் சுழற்சியை எந்திரங்களுக்குக் கொண்டுபோன பழைய தண்டுகளும் பெல்ட்டுகளும் அடுக்குமாடி ஆலையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்து, ஆலை ஒரே தளமாகி, வேலை போகும் வரிசைப்படி எந்திரங்களை மாற்றி வைத்த பிறகே உற்பத்தி எகிறியது. இந்தக் கதையைச் சொல்லும் வரைவு கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்துச் செலவுப் பட்டியலைத் திருப்பி, வேலைமுறையை மாற்றி அமைக்க என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடுவேன். சர்வர் இருக்கும், மென்பொருள் உரிமக் கட்டணம் இருக்கும், அப்புறம் 'பயிற்சி, இதர செலவுகள்' என்று ஒரே ஒரு வரி.