சேஃப்கார்டிங் – காப்பு

இங்கிலாந்தில் தமிழ் வழிபாடு நடக்கும் கிறிஸ்தவ ஆலயங்களில் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். 'பங்குப் பாதுகாப்பு அதிகாரி' என்று தலைப்பு, கீழே ஒருவருடைய படம், தொலைபேசி எண். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இவவோ செக்யூரிட்டி? வாசல்லை ஒருநாளும் நிண்டதைக் காணேல்லையே" என்று கேட்டார். அவர் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். பாதுகாப்பு அதிகாரி என்றால் வங்கி வாசலில் நிற்பவர், அமைச்சரின் காருக்குப் பின்னால் ஓடுபவர். படத்தில் இருந்த பெண்ணோ, ஒரு பிள்ளையைப் பற்றி மனதில் கவலை எழுந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ அவர். அந்த ஒரு செய்திக்காகத்தான் பலகையே வைக்கிறார்கள். தமிழில் அது மட்டும் காணாமல் போய்விட்டது.

அறிவிப்பின் ஆங்கில மூலச்சொல் சேஃப்கார்டிங்: பிள்ளைகளையும், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நிலையிலுள்ள வயதுவந்தோரையும் தீங்கிலிருந்து காக்கும் ஏற்பாடு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. முன்பாதி லத்தீனின் சால்வுஸ். மீட்பரைக் குறிக்கும் 'சால்வேட்டர்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். பின்பாதி ஜெர்மானிய மொழிகளிலிருந்து பிரெஞ்சில் ஏறியது. இடைக்காலத்தில் அரசன் வெளியூர்ப் பயணிக்குக் கொடுத்த உறுதியை இப்படிச் சொன்னார்கள்: என் எல்லைக்குள் உனக்குத் தீங்கு வராது. வந்தவருக்கு, இடம் கொடுத்தவர் தரும் வாக்கு அது. இன்றைய பொருள் சட்டங்கள் வழியாக வந்தது. 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டம், உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் காப்பதையும் அவர்கள் நலத்தை வளர்ப்பதையும் உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. அங்கே தொடங்கி பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுக் கழகம், ஆலயம் என்று சொல் பரவிவிட்டது.

சரி, 'பாதுகாப்பு' என்றால் என்ன குறை? முதல் குறை, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். ராணுவ அமைச்சகத்துக்கும் அதுதான், தீயணைப்புக் கருவிக்கும் அதுதான், கைப்பேசிக் கடவுச்சொல்லுக்கும் அதுதான். இரண்டாவது குறை பெரியது. பாதுகாப்பு என்றதும் நம் கண் வெளியே போகிறது. கதவு, பூட்டு, கேமரா, வாசலில் நிற்கும் அந்நியன். சேஃப்கார்டிங் என்ற சிந்தனை வலுப்பெற்றதோ உள்ளே இருப்பவரைப் பார்க்கத் தவறியதால்.

2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் பராமரிப்பாளர். அவருடைய துணைவி அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் உதவி செய்தவர். வேறொரு காவல் வட்டாரத்தில் கொன்றவர்மேல் ஏற்கெனவே எழுந்த புகார்கள் இந்தப் பள்ளிக்கு வந்து சேரவில்லை. அதை ஆராய்ந்த விசாரணையின் விளைவாக 2006இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே சேஃப்கார்டிங் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க முன்வரும் அக்காவிடம் இன்று டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு கேட்பதும் அந்தச் சட்டத்தின் தொடர்ச்சிதான். தெரிந்த முகம், நம்பிய முகம் என்பது போதாது என்று ஒரு நாடு பாடம் படித்த கதை இது. அதற்குப் போய், வாசற்காவலை நினைவூட்டும் சொல்லை வைத்தால் பாடம் தலைகீழாகிறது.

ஆலயத்துக்கு இன்னும் நெருக்கமான கதை விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமியுடையது. 2000 பிப்ரவரியில், பராமரிக்க அழைத்துவந்த உறவினரின் கொடுமையால் லண்டனில் இறந்தாள். இறப்பதற்கு முன் அவளைப் போதகர்களிடமும் கொண்டுபோயிருக்கிறார்கள். பேய் பிடித்திருக்கிறது என்ற பேச்சு அங்கே நடந்திருக்கிறது. அவளைக் கொடுமைப்படுத்தியவர்களும் வரவேற்கப்பட்ட விருந்தினராகத்தான் ஆலயத்துக்குள் வந்தார்கள். வாசலில் எத்தனை காவலர்கள் நின்றிருந்தாலும் அவளுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது. உடம்பிலிருந்த காயத்தைக் காயமாகப் பார்த்து, அன்றைக்கே உரிய இடத்தில் சொல்லும் ஒருவர்தான் தேவைப்பட்டார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. இரு அரசுகளும் ஏற்ற சொல்லை நீ ஏன் மாற்றுகிறாய் என்று கேட்கலாம். அந்தப் பெயர்களில் உள்ள பாதுகாப்பு 'புரொட்டெக்‌ஷன்' என்பதன் தமிழ். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல்கள் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகின்றன: ஒரு பிள்ளைக்குக் கடும் தீங்கு நேர்ந்திருக்கிறது, அல்லது நேரப்போகிறது என்ற நிலையில் தலையிடுவது பாதுகாப்பு. அந்த நிலை வராமலே பார்த்துக்கொள்ளும் அன்றாட ஏற்பாடும் சேர்ந்தால்தான் சேஃப்கார்டிங். முன்னது பின்னதன் ஒரு பகுதி. பகுதியின் பெயரை முழுமைக்குச் சூட்டினால், "எங்கள் சபையில் அப்படி எதுவும் நடக்கவில்லையே, பிறகெதற்கு அதிகாரி?" என்றுதான் மூப்பர்கள் கேட்பார்கள். கேட்கவும் செய்கிறார்கள்.

'பாதுகாவலர்' என்று மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. கத்தோலிக்கத் தமிழில் பங்கின் பாதுகாவலர் என்றால் அந்தப் பங்கின் புனிதர். அந்தோனியாருக்கும் செபஸ்தியாருக்கும் உரிய பெயரை ஒரு தன்னார்வலருக்குச் சூட்டுவது குழப்பம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. எந்த மனிதரும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதுதானே இந்த ஏற்பாட்டின் அடித்தளம்? 'பேணல்' என்று சொல்பவர்கள் பாதி சரி. 1989 சட்டத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. நலம் வளர்ப்பது பேணல். தீங்கு வராமல் தடுப்பது வேறு.

அதற்கு என் சொல் காப்பு. சிறார் காப்பு, காப்புப் பொறுப்பாளர், காப்பு நெறிமுறை. கா என்ற சின்ன வேரிலிருந்து காவலும் வருகிறது, காப்பும் வருகிறது. காவல் ஆளையும் இடத்தையும் நினைவூட்டும், காப்பு அந்தச் செயலையே சொல்லும். பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்புப் பருவம். பிள்ளைக்கு எதுவும் நேர்வதற்கு முன்பே பாடுவது அது. தீங்கு வருமுன் செய்யும் ஏற்பாட்டுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. காப்பு என்றால் வளையல்தானே என்பார்கள். காப்பீடு, காப்பகம், காப்புரிமை என்று அன்றாடம் எழுதும்போது யாருக்கும் வளையல் நினைவுக்கு வருவதில்லை. 'காப்பாளர்' மட்டும் வேண்டாம், அது விடுதி வார்டனுக்குப் போய்விட்டது.

இனி அடுத்த பாதி, அதாவது பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் 'வல்னரபிள் அடல்ட்ஸ்'. அதற்கு வைக்கும் தமிழ் 'பாதிக்கப்படக்கூடிய பெரியவர்கள்'. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக்கப்படக்கூடியவர் என்றால் யார்? மழை பெய்தால் எல்லோரும் பாதிக்கப்படக்கூடியவர்களே. போதாததற்குச் செய்தித்தாள்களில் 'பாதிக்கப்பட்டவர்' என்பது குற்றத்துக்கு ஆளானவரின் பெயர். ஆக, அந்தத் தொடரைத் தன்மேல் போட்டுக்கொள்ள ஒருவரும் விரும்ப மாட்டார். 'பெரியவர்கள்' அதைவிட மோசம். தமிழில் பெரியவர் என்றால் தாத்தா பாட்டி. இங்கிலாந்துத் திருச்சபையின் 2016ஆம் ஆண்டு விதி சொல்வது வேறு: பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர், உடல் மன நோயாலோ ஊனத்தாலோ முதுமையாலோ மனம் நொந்திருப்பதாலோ தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் பெரிதும் குன்றியிருந்தால், அது தற்காலிகமாக இருந்தாலும், அவர் இந்த வகையில் வருவார். போன மாதம் மனைவியை இழந்து, சமையலும் தூக்கமும் இல்லாமல் ஆலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயதுக்காரர் இதில் அடங்குவார். விசா முடிவுக்குக் காத்திருக்கும் இளம்பெண்ணும், பயத்தில் மனம் உடைந்திருந்தால், அடங்குவார். இவர்களிடம் கடன் கேட்டு வருபவரும் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்பவரும் சபைக்குள்தான் இருப்பார்கள். இத்தகைய நேரத்தைத் தமிழ் 'அற்றம்' என்று சொன்னது. 'விளக்கற்றம் பார்க்கும் இருள்' என்கிறது குறள்: விளக்கு எப்போது அணையும் என்று பார்த்திருக்கும் இருள். அற்றம் நிலையான குணமல்ல, ஒரு வேளை. அதனால்தான் 'பலவீனமானவர்கள்' என்ற மொழிபெயர்ப்பையும் நான் ஏற்கவில்லை. அது ஆளுக்கு முத்திரை குத்துகிறது. 'காப்புத் தேவைப்படும் வயதுவந்தோர்' என்றால் தேவையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பவர்களோடு எனக்குள்ள சண்டை இத்தனையோடு முடியவில்லை. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வருவதை 'வெளிப்படுத்தல்' என்று எழுதுகிறார்கள். சபையில் அது பைபிளின் கடைசிப் புத்தகம். 'சிறுவர் துஷ்பிரயோகம்' என்கிறார்கள். அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம், பணத்தைச் செய்யலாம். சரியாகப் பயன்படுத்தும் முறை ஒன்று இருக்கும் பொருளுக்குத்தான் தவறான பயன்பாடும் உண்டு. பிள்ளை அப்படிப்பட்ட பொருளல்ல. கொடுமை என்று எழுதுங்கள். 'இந்தச் சபை பாதுகாப்புக்கு அர்ப்பணிக்கப்பட்டுள்ளது' என்று முடியும் வாக்கியத்தில் யார் எதைச் செய்யப்போகிறார் என்பதே இல்லை. அறிவிப்பைப் படிப்பவர் ஒருவேளை நடுங்கும் கையோடு நிற்கும் தாய். அவருக்கு அகராதி பார்க்க நேரமிருக்காது.

'எல்லோரையும் வரவேற்கும் சபை' என்பதோடு சேஃப்கார்டிங் மோதுகிறது என்று சிலர் வருந்துவதற்கும் இந்தச் சொற்களே ஒரு காரணம். பாதுகாப்பு என்று சொன்னால் ஆளை வெளியே நிறுத்துவது. காப்பு அப்படிக் கேட்பதில்லை. சிறார் மீதான குற்றத்துக்குத் தண்டனை பெற்று வெளியே வந்தவர் வழிபட விரும்பினால், இங்கிலாந்துத் திருச்சபையில் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்கிறார்கள். எந்த ஆராதனைக்கு வரலாம், எங்கே உட்கார வேண்டும், கூட யார் இருப்பார், ஞாயிறு பள்ளி அறைப் பக்கம் போகக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அவருக்கும் இடம் உண்டு, பிள்ளைகளுக்கும் காப்பு உண்டு.

பலகைக்கு என் தமிழ் இது: "இந்த ஆலயத்தில் பிள்ளைகளையும், காப்புத் தேவைப்படும் வயதுவந்தோரையும் தீங்கிலிருந்து காப்பது நம் எல்லோருடைய பொறுப்பு. யாரைப் பற்றியாவது உங்களுக்குக் கவலை இருந்தால், உறுதியாகத் தெரியாவிட்டாலும், எங்கள் காப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் முதலில் 999ஐ அழையுங்கள்." கீழே அவருடைய பெயர், படம், எண். எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.