பழைய ரவுட்டரைப் பாலமாக்குங்கள், ஃபைபர் பாக்ஸை விட்டுவிடுங்கள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒல்லியாக நீண்டு உள்ளே போகும் வீடுகளில் ஃபைபர் பாக்ஸ் வாசல் அறையில் இருக்கும். இரண்டு கனத்த செங்கல் சுவர் தாண்டினால் வைஃபை ஒரு கோடு. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரைப் பின்கட்டில் வைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அதைச் செய்யப்போய் வீடு முழுக்க நெட்டை அணைத்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் குறையவே மாட்டேன் என்கிறார்கள்.

எல்லாம் ஒரே தவறு. ‘பிரிட்ஜ் போடணும்’ என்று யாரோ சொல்ல, ஃபைபர் பாக்ஸின் செட்டிங்கைத் திறந்து, வெளி நெட் உள்ளே வரும் ‘வேன்’ (WAN) பக்கத்தில் ‘பிரிட்ஜ்’ (பாலம்) என்று கண்ணில் பட்டதும் அமுக்கிவிடுகிறார்கள். அது வேறு பிரிட்ஜ், ஐயா! யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து உங்கள் நெட்டை எடுத்து வருவதே அந்த பாக்ஸ்தான். பிரிட்ஜுக்கு மாற்றினால் அந்த வேலையை விட்டுவிட்டு வெறும் கம்பியாகிவிடும். வேறொரு ரவுட்டர் அதைச் செய்தாக வேண்டும். நீங்கள் கட்ட வேண்டிய பாலம் வீட்டுக்குள்ளே, பழைய ரவுட்டரில். பயந்துபோய் பாக்ஸின் ரீசெட் ஓட்டையில் குண்டூசி விடாதீர்கள். நெட்காரர் ஏற்றிவைத்த விவரமும் அழிந்துபோகலாம். பிறகு அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது வேலை. பழைய ரவுட்டருக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, விளக்குகள் மினுக்கும்வரை, சுமார் 10 நொடி, ரீசெட்டை அமுக்கிப் பிடியுங்கள். அதன் லேன் (LAN, வீட்டுக் கருவிகளைச் சொருகும்) போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி, அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் திறங்கள். ‘ஆக்சஸ் பாயின்ட்’ (வைஃபையை மட்டும் பரப்பும்) மோடு இருந்தால் கொடுத்து வைத்தவர், அதைப் போட்டால் பெரும்பாலும் போதும். இல்லையென்றால் முதலில் லேன் ஐபியை, அதாவது வீட்டுக்குள் அதன் முகவரி எண்ணை, மாற்றுங்கள். பாக்ஸ் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. ஆனால் பாக்ஸின் டிஎச்சிபி (ஃபோன், லேப்டாப்புக்கு முகவரி எண் கொடுக்கும் வசதி) அந்த எண்ணை வேறு ஃபோனுக்குக் கொடுக்கக் கூடாது. 2-லிருந்தே கொடுக்கிறது என்றால் தொடக்கத்தை 10 ஆக்குங்கள். பாக்ஸில் கைவைக்க அனுமதி இதற்கு மட்டும். புது முகவரியில் மறுபடி நுழைந்து, பழைய ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்துங்கள். முதலில் அதை நிறுத்தினால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் திண்டாடுவீர்கள்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பாக்ஸில் உள்ளதே இருக்கட்டும். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். சேனல் (வைஃபை ஓடும் அலைவரிசை எண்) மட்டும் வேறு: அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. பட்டனை அமுக்கிப் பாஸ்வேர்ட் இல்லாமல் சேரும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றுங்கள். டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு மட்டுமே தெரிந்த கிழட்டு ரவுட்டரா? பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும்.

கேபிள் பாக்ஸின் லேனிலிருந்து பழைய ரவுட்டரின் லேனுக்கு. வேன் போர்ட் காலி. ஒரே ஒரு கேபிள்! ‘ரெண்டு போட்டா ஸ்பீடு டபுள்’ என்று இரண்டாவதைச் சொருகினால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து வீட்டு நெட்டே உறைந்துவிடும். பழைய ரவுட்டர்களின் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான், 200 பிளான் போட்டிருந்தாலும் பின்கட்டில் சுமார் 95தான் வரும்.

கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள் இரண்டையும் வைஃபையிலேயே இணைக்கும் டபிள்யூடிஎஸ் போடலாம். இரண்டும் ஒரே சேனலில் இருக்க வேண்டும், கம்பெனி வேறானால் பல நேரம் ஒட்டாது, கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோ என்பதால் வேகம் பாதியாகும். ரவுட்டரை சிக்னல் செத்த அறையில் வைக்காமல் பாதி வழியில் வையுங்கள்.

ரிச்சி தெருவில் கேட் 5இ நெட் கேபிள் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர்க் கடலோரத்தில் கேபிள் முனையின் உலோகப் பின்களில் பச்சை பிடிக்கும்; நெட் விட்டு விட்டு வந்தால் முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். மொட்டைமாடி வழியாகக் கேபிள் வேண்டாமே, ஐப்பசி கார்த்திகை இடியில் இரண்டு பெட்டியும் போய்விடும். அடாப்டர் முனை பொருந்துகிறது என்று 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் சொருகாதீர்கள். வோல்ட் அதே இருக்க வேண்டும், ஆம்பியர் கூடினால் பரவாயில்லை.

கடைசியில் பின்கட்டில் நின்று ஃபோனின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ (ஃபோன் வெளி நெட்டுக்குப் போகும் வாசல்) பாருங்கள். 192.168.1.1 என்றால் சரி. 192.168.1.2 என்று காட்டினால் பழைய ரவுட்டரின் டிஎச்சிபி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.